நாலு மணி நேர முட்டை

ஒஸேர் ஆஸ்பத்திரியில் காலை எட்டுக்கு
கிளறிய முட்டை, இரண்டு துண்டு ரொட்டி,
ஸ்பூன் நுனியில் ஸ்ட்ராபெரி ஜாம்.
முட்டைக்குள் துளியூண்டு கதிர்வீச்சு.
"பத்து நிமிஷத்தில் முடியுங்கள், மதாம் பெர்த்தோ,
அது போகும் வழியைப் படமெடுக்க வேண்டும்."

முதல் மணி. இரண்டாம் மணி. நாலாம் மணி.
நடுவே வராந்தா நாற்காலி, பழைய மீன்பிடிப் பத்திரிகை.

முப்பத்தொரு வருஷமாக நிவெர்னே கால்வாயில்
மடை திறந்து மடை மூடுகிறவள் நான்.
படகு எத்தனை நிமிஷத்தில் இறங்கும் என்பதைத்
தண்ணீர் போடும் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்.
என் வயிற்றில் ஒரு முட்டை
நாலு மணிக்கும் இறங்கவில்லை.
நூற்றுக்கு முப்பத்தெட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது,
விளக்கை அணைத்தும் எழாத விருந்தாளிபோல.

டாக்டர் தெல்மாஸ் பேனாவால் ஒரு பை வரைந்தாள்.
அடியில் சின்ன வாய்.
கிரேக்கர்கள் அதற்கு வைத்த பெயருக்கு
வாயிற்காவலன் என்று பொருளாம்.
"என் சகஊழியன்" என்றேன்.
சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்:
இருபது வருஷச் சர்க்கரை
மணியடிக்கும் நரம்பைத் தின்றுவிட்டது.
பை பிசைய மறந்துவிட்டது.
காவலன் தூங்கவில்லை;
படகு வந்தது அவனுக்குத் தெரியாது.

அன்றுதான் பழைய கணக்கெல்லாம் நேரானது.
நாலு வாயிலேயே நிரம்பிவிடும் நான்.
செவ்வாய் இரவு வாந்தியில்
திங்கள் மதியத்துப் பட்டாணி, முழுசாய், பச்சையாய்.
இன்சுலின் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும்,
ரொட்டி வராது.
அப்படித்தான் ஒரு ஜூலை மாலை
ஜெர்மன்காரர் படகு மடைக்குள் பாதி இறங்கியிருக்க
இரும்புக் கைப்பிடியோடு நான் சரிந்தேன்.
மேலே ஏறிவந்த பையன் வாயருகே ஆப்பிள் சாறு பிடித்தான்.
தண்ணிப் பொருள் மட்டும்
எப்படியோ இடுக்கில் நழுவிவிடுகிறது.

ரெஜிஸ் தோட்டத்தில் லீக் போடுகிறவன்.
நார் ஆகாது என்றதும்
அவனையே யாரோ வேண்டாமென்றதுபோல முகம்.
மூன்று நாள் பேச்சில்லை.
நாலாம் நாள் சந்தையிலிருந்து சல்லடை வாங்கி வந்தான்.
இப்போது கேரட்டும் பூசணியும் அதன் வழியே வருகின்றன,
நாளுக்கு ஆறு கிண்ணம், உள்ளங்கைக் குழியளவு.
வெண்ணெய் அவன் பக்கம்.
தின்றதும் நான் படுப்பதில்லை;
அடுத்த மடைவரை எண்ணூறு மீட்டர், போய்த் திரும்புகிறேன்.
ஊசியை முந்த விடுவதில்லை.
டாக்டர் எழுதித் தந்த கணக்கில்
கிண்ணத்துக்குப் பின்னால்தான் அது வரும்.

இத்தனையும் செய்து, சில நாள்
ஒன்றுமே செய்யாததுபோல வாந்தி.
காரணம் யாரும் சொல்வதில்லை.
நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

கிறிஸ்துமஸ் மேசையில் நாத்தனார் மிரேய்
சிப்பித் தட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.
"பசியில்லையா?"
பசி இருக்கிறது, மிரேய்.
இடம்தான் இல்லை.

ஜனவரியில் பழுதுபார்க்கக் கால்வாயை வடித்தார்கள்.
சேற்றில் ஒரு சைக்கிள், ஒயின் பாட்டில்கள்,
இடது கால் ரப்பர் பூட்ஸ்,
எந்த வருஷத்து வெயிலில் யார் தொலைத்ததோ.
கதவிடுக்கில் கிளை சிக்கி
கீழ்மடை பாதியில் நின்றது.
புது எஞ்சினியர் கடப்பாரை கேட்டான்.

பத்தரை மணிக் கிண்ணத்தை
நின்றபடியே முடித்து, வாயைத் துடைத்து,
கைப்பிடியை நானே பிடித்தேன்.
கால் சுற்று.
பொறு.
தண்ணீர் என்ன சொல்கிறது, கேள்.
இன்னொரு கால் சுற்று.